நிகண்டும் தீப்பெட்டியும்

ஒரே எழுத்துக்களால் ஆகி இடத்துக்கு இடம் வெவ்வேறு பொருள் தரும் ஆங்கிலச் சொற்களை, 'பேட்' என்றால் மட்டை, வௌவாலும் அதுவே என்றும், 'பேங்க்' என்றால் பணம் போட்டுவைக்கும் ஸ்தாபனம், ஆற்றங்கரையும் அதுவே என்றும், வர்ணப் படங்களோடு பாலர்களுக்குக் கற்பிக்கும் சிறு புத்தகங்களைக் காண்கிறவர்கள், இது மேனாட்டார் வகுத்த நூதனமான போதனாமுறை என்று எண்ணக்கூடும். நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களிலோ இது பழம்பாடம்; ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் எண்சுவடியும் முடித்து, சதகங்களையும் ஒருவாறு ஒப்பித்துவிட்ட மாணாக்கனுக்கு உபாத்தியாயர் எடுத்துக்கொடுத்த நிகண்டு என்ற செய்யுள் வடிவச் சொற்பொருள் நூலில் அதற்கென்றே ஒரு தொகுதி இருந்தது.

திவாகரமும் பிங்கலமும் நிகண்டுகளில் மூத்தவையாயினும், சூத்திர நடையில் அமைந்த அவை பிள்ளைகளின் நாவில் எளிதில் ஏறுவனவல்ல. பதினாறாம் நூற்றாண்டினர் என்று கருதப்படும் மண்டலபுருடர் என்ற ஜைனப் புலவர், அதே விஷயத்தை விருத்தப்பாவில் அமைத்துச் சூடாமணி நிகண்டைச் செய்த பிறகே, அது பள்ளிக்கூடத்துக்கு உரிய நூலாயிற்று. பன்னிரண்டு தொகுதிகள் கொண்ட அந்நூலின் பதினோராவது தொகுதி, ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைத் தருவது. அகராதி வரிசையில் அன்றி எதுகை வரிசையில் சொற்கள் அங்கே அடுக்கப்பட்டிருப்பதற்குக் காரணம் உண்டு: பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பதற்காக அன்று, நினைவிலிருந்து இழுத்தெடுப்பதற்காக இயற்றப்பட்ட நூல் அது, எதுகை என்ற கயிற்றின் ஒரு நுனியைப் பற்றினால் மற்றச் சொற்கள் தாமே வந்துவிடும். வாரணம் என்றால் யானை, கோழி, சங்கு, கடல். அரி என்றால் திருமால், சிங்கம், குதிரை, குரங்கு. யானையைக் கோயிலிலும் கடலைக் கதையிலும் மட்டுமே அறிந்த கரிசல்காட்டுச் சிறுவனும் இவற்றை ஒரே மூச்சில் சொல்லப் பழகினான். பொருள் விளங்கிச் சொன்னானா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை என்பதே என் அபிப்பிராயம். முதலில் நெட்டுரு, பிறகு வயது வந்தபோது அர்த்தம் என்பதே அக்காலத்துச் சம்பிரதாயம்.

மணலில் விரலால் எழுதிப் பழகி, பின் ஓலையும் எழுத்தாணியும் ஏந்தி, மூத்த மாணவனான சட்டாம்பிள்ளையின் அதிகாரத்துக்குட்பட்டுப் படித்த இந்த முறையை நம்மவர்கள் கர்நாடகம் என்று இகழத் தொடங்குமுன்னரே, சென்னை எழும்பூரில் அநாதைப் பிள்ளைகளின் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், மணல் எழுத்தையும் மாணவனைக் கொண்டே மாணவனுக்குப் போதிக்கும் வழக்கத்தையும் கைக்கொண்டு, 1797-இல் லண்டனில் அதைப்பற்றி நூலும் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. நிகண்டு மட்டும் கப்பல் ஏறவில்லை.

நிகண்டு ஓதிய அந்தக் கரிசல்காட்டில், பின்னாளில் விருதுநகர் எனப்பட்ட விருதுபட்டி ஒரு வியாபார ஸ்தலம். பருத்தியும் வற்றலும் தானியமும் எண்ணெயும் கைமாறும் அவ்வூரில், மகன் கடையில் உட்கார்ந்து கணக்கெழுதினால் போதும் என்று நினைத்த தகப்பனாருக்கு நிகண்டைவிட எண்சுவடியே பெரிதாகத் தோன்றியிருக்கும். ஆனால் இவ்விரண்டும் முற்றிலும் வேறு என்று சொல்லவும் முடியாது. இருபதில் ஒரு பங்கு 'மா' என்று எண்சுவடியில் படித்த பிள்ளைக்கு, நிலத்தின் ஓர் அளவும், மாமரமும், விலங்கும், திருமகளும், வீட்டில் அம்மா இடிக்கும் அரிசி மாவும் அந்த ஒற்றை எழுத்திலேயே அடங்கியிருப்பது தெரிந்தபோது, கணக்கும் தமிழும் ஒரே ஓலையில் சந்தித்தன.

1889-இல் அவ்வூர் நாடார் உறவின்முறையினர் க்ஷத்திரிய வித்தியாசாலையை நிறுவினர். சமைக்குமுன் வீடுதோறும் ஒரு பிடி அரிசியை ஒதுக்கி வைத்து, அதைத் திரட்டிப் பள்ளிக்கூடத்தைப் பராமரித்த பெருமை அவ்வூருக்கு உண்டு. 1903-இல் பிறந்த காமராஜர் முதலில் திண்ணைப் பள்ளியிலும் பின்னர் இந்த வித்தியாசாலையிலும் படித்தவர். இரண்டு யுகங்களின் கல்வியையும், சிறிது காலமேயாயினும், ஒருவரே கண்ட தலைமுறை அது. வகுப்புகளும் மணியும் பரீட்சையும் ஆங்கிலமும் வந்த இடத்தில் நிகண்டுக்கு இடம் சுருங்கியது.

ஆங்கிலத்தின்மேல் மட்டும் பழியைச் சுமத்துவது நியாயமாகாது. 1732-லேயே வீரமாமுனிவர் சதுரகராதியை இயற்றி, ஒரு சொல்லின் பல பொருள்களை எழுத்து வரிசையில் தேடிக் காணும் வழியைத் திறந்துவிட்டார். ஆறுமுக நாவலர் 1849-இல் சூடாமணி நிகண்டை உரையுடன் சென்னையில் அச்சிட்டது அந்நூலுக்குச் செய்த பேருதவிதான். ஆயினும் வேண்டும்போது திறந்து பார்க்கப் புத்தகம் கையிலிருக்கும்போது மனப்பாடம் எதற்கு என்ற கேள்வியை எழுப்பியதும் அந்த அச்சுதான்.

அச்சுத் தொழில் விருதுபட்டியின் அண்டை ஊரான சிவகாசிக்கு வந்ததோ நெருப்பின் வழியாக. கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923-இல் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். விருதுபட்டி விருதுநகர் என்று பெயர் மாறியதும் அதே ஆண்டில்தான். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சு யந்திரம் வேண்டும். லேபிள் இல்லாத நேரத்தில் அந்த யந்திரத்துக்கு வேறு வேலை வேண்டும். இப்படிக் காலண்டரும் நோட்டுப் புத்தகமும் பாலர் சித்திரப் புத்தகங்களும் சிவகாசியின் சரக்காயின. பட்டாசும் உடன் வளர்ந்தது.

இந்தத் தொழில்களின் பேச்சில் நிகண்டின் பதினோராவது தொகுதிக்கு யாரும் அறியாமலே ஒரு புதுப் பதிப்பு எழுந்துவிட்டது. மருந்து என்றால் பழைய புலவர்களுக்கு அமிர்தம், வைத்தியருக்கு நோய் தீர்ப்பது, பட்டாசு ஆலையில் காகிதக் குழலுக்குள் அடைக்கப்படுவது. சரம் வடமொழி கற்றவருக்கு அம்பு, பூக்காரிக்கு மல்லிகை, இங்கே அடுக்கிப் பின்னிய வெடி. திரி விளக்கிலும் உண்டு, வெடியிலும் உண்டு. கெட்டுப்போன பாலும் வேலையில்லாதவனும் திரிவது வேறு. சிவகாசிச் சிறுவன் இவற்றை ஒரு பாட்டும் ஒப்பிக்காமல் அறிந்திருந்தான்.

'மாட்ச்' என்ற சொல் அவனுக்குத் தகப்பனார் வேலை செய்யும் தொழிற்சாலையின் பெயர்ப்பலகை. அதே எழுத்துக்கள் பந்தாட்டப் போட்டியையும் பொருத்தமான ஜோடியையும் குறிக்கும் என்று ஆங்கில வாத்தியார் சொன்னால், ஒரு சொல் மூன்றாகக் கிளைத்தது என்று அவன் எண்ணலாம், உண்மை அதுவன்று. தீக்குச்சி என்ற பொருளுடையது விளக்குத்திரியைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது; ஜோடியும் போட்டியும் இணையானவனைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லின் வழித்தோன்றல்கள். நம் 'மா'விலும் விலங்கு மாவும் அரிசி மாவும் ஒரே குடும்பமல்ல. இத்தகைய வம்ச விசாரணையை நிகண்டு மேற்கொண்டதில்லை. படப் புத்தகங்களும் மேற்கொள்வதில்லை. பிரெஞ்சில் அந்தத் திரி துப்பாக்கிக்கும் பீரங்கிக்கும் தீ வைக்கும் கயிறாகவும் வழங்கியதென்பதை அறிய, பட்டாசுக்குத் திரி வைக்கும் ஊர்ப் பிள்ளைகளைவிட உரிமையுடையவர் யார் என்று எனக்குத் தெரியவில்லை.