ஹெரால்டின் சாய்ந்த சக்கரமும் ஸ்பிட்ஃபயரின் ஊஞ்சல் அச்சும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபியைக் கையில் எடுத்துக்கொண்டு படிக்கவும்.

பர்மிங்காமில் வேலை பார்க்கும் நம் பள்ளி மாணவர் ஒருவர் சென்ற மாதம் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கியிருக்கிறார். ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3, 1968ஆம் வருடத்து வண்டி. இரண்டு பேர் மட்டும் உட்காரலாம், மேற்கூரையைக் கழற்றிவிடலாம். கோடையில் மகனை உட்கார வைத்துக்கொண்டு வேல்ஸ் மலைச்சாலைகளில் போய்வரத் திட்டம். அங்கே ஒரு கடைக்காரர், "பின்பக்க ஸ்பிரிங்கை இன்னும் கடினமானதாக மாற்றிவிடுங்கள், வளைவில் வண்டி அப்படியே ஒட்டிக்கொண்டு போகும்" என்று சொன்னாராம். "சார், நீங்கள் ஹெரால்டு பற்றி வகுப்பில் நிறையச் சொல்வீர்களே, இது சரியா?" என்று கேட்டிருந்தார்.

நான் பொறியாளன் அல்ல. ஆனால் இந்தக் கேள்விக்கு 1950களிலிருந்து 1970கள் வரை பலர் பட்டுத் தெரிந்துகொண்ட பதில் ஒன்று இருக்கிறது. அதில் நம் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. அதனால்தான் தனியாக அவருக்கு எழுதாமல் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் சென்னைப் பங்கு. வண்டலூருக்குப் பக்கத்தில், பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் என்ற கம்பெனி இருந்தது உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். இங்கிலாந்தின் ட்ரையம்ப் ஹெரால்டை 1961 முதல் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் அங்கே தயாரித்தார்கள். 948 சிசி எஞ்சின். அம்பாசடரும் ஃபியட்டும் ஓடிய காலத்தில் டாக்டர்களும் வக்கீல்களும் ஆசையாக வாங்கிய சின்ன, அழகான கார். இத்தாலியரான மிக்கெலொட்டி வரைந்த வடிவம். நான்கு கதவு ஹெரால்டு நம் நாட்டுக்கென்றே செய்யப்பட்டது, இங்கிலாந்தில் அது கிடையாது.

1962இல் வந்த ஸ்பிட்ஃபயர் இந்த ஹெரால்டுக்குத் தம்பி. அதே மிக்கெலொட்டி, அதே சேஸிஸ்தான், நீளத்தைக் குறைத்துவிட்டார்கள். ஹெரால்டில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 91.5 அங்குலம், ஸ்பிட்ஃபயரில் 83 அங்குலம். ஆகவே ஹெரால்டின் பின்பக்கத்தைப் புரிந்துகொண்டால் ஸ்பிட்ஃபயரும் புரிந்துவிடும்.

அம்பாசடரிலோ லாரியிலோ பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே இரும்பு அச்சில் இருக்கும். ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் மற்றதும் சேர்ந்து ஆடும். ஹெரால்டில் அப்படி இல்லை. நடுவில் உள்ள டிஃபரன்ஷியல் பெட்டி சேஸிஸோடு அசையாமல் மாட்டப்பட்டிருக்கும். அதிலிருந்து இடமும் வலமுமாக இரண்டு அரை அச்சுகள் கிளம்பும். பெட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான் ஒவ்வொன்றுக்கும் ஒரு மூட்டு. மறுமுனையில் சக்கரம் அச்சோடு கெட்டியாகப் பிணைந்திருக்கும். இதற்கு ஸ்விங் ஆக்ஸில் என்று பெயர். ஊஞ்சல் அச்சு என்று சொல்லிக்கொள்வோம். மேலே குறுக்காக, டிஃபரன்ஷியல் பெட்டியின் தலையில் நடுப்பகுதி இறுக்கப்பட்ட ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங், அதன் இரண்டு முனைகளும் இரண்டு சக்கரங்களைத் தாங்கும். அச்சே கையாகவும் வேலை செய்வதால் செலவு குறைவு. "நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன்" என்று பெருமையாக விளம்பரமும் செய்யலாம். இந்த யோசனை புதிதல்ல. ஆஸ்திரியரான எட்மண்ட் ரும்ப்ளர் 1903இலேயே காப்புரிமை வாங்கியது. ஃபோக்ஸ்வாகன் பீட்டில், போர்ஷ 356, மெர்சிடிஸ் 300 எஸ்எல் எல்லாம் இதே வகைதான்.

இப்போது ஒரு சின்னச் செய்முறை. முழங்கையை உடம்போடு ஒட்டிவைத்து, முன்கையைப் பக்கவாட்டில் நீட்டி, விரல்கள் தரையைப் பார்க்க மணிக்கட்டை மடக்குங்கள். முழங்கைதான் மூட்டு, முன்கை அச்சு, உள்ளங்கை சக்கரம். மணிக்கட்டை அசைக்காமல் முன்கையை மட்டும் மேலே தூக்குங்கள். விரல் நுனி வெளியே விலகும். கீழே இறக்குங்கள். விரல் நுனி உடம்புக்கு உள்ளே போகும். ஊஞ்சல் அச்சில் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் இதே மாதிரி சாய்ந்துகொண்டே இருக்கும்.

பாரம் ஏறி வண்டி தாழ்ந்தால் சக்கரத்தின் தலை உள்ளே சாயும், கால் வெளியே விரியும். நம் ஊரில் பின் சீட்டு நிறைய ஆட்களை ஏற்றிப் போன ஹெரால்டு அப்படித்தான் காலை அகட்டி நடந்தது. பார்க்க வேடிக்கை, டயரின் உள்விளிம்பு மட்டும் தேயும், அவ்வளவுதான். அது ஆபத்தில்லை. ஆபத்து அதற்கு நேர் எதிரான நிலையில் இருக்கிறது. வண்டியின் பின்பக்கம் உயரும்போது.

வேகமாக ஒரு வளைவில் திரும்புகிறீர்கள். வெளிப்புறச் சக்கரத்தைச் சாலை உள்நோக்கித் தள்ளும். வெள்ளையடிக்க வருபவர்கள் கொண்டுவரும் மடக்கு ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள். விரித்து நிற்கும் அதன் கால்களை உள்ளே தள்ளினால் உச்சி மேலே எழும் அல்லவா? அதுபோல டிஃபரன்ஷியல் பெட்டியும் அதோடு வண்டியின் பின்பக்கமும் எழும்பும். எழும்ப எழும்ப சக்கரத்தின் கால் இன்னும் உள்ளே போகும். டயர் தன் முழு அகலத்தில் நிற்காமல் விளிம்பில் நிற்கும். அந்த நேரத்தில் ஓட்டுபவர் பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் தீர்ந்தது. எடை முன்னே ஓடும், பின்பக்கம் இன்னும் லேசாகி எழும்பும், சக்கரம் காலை மடக்கிக்கொள்ளும், வால் சுழலும். பயந்தால் காலை எடுப்பது மனித இயல்பு. எந்த இயல்பு மற்ற வண்டிகளில் பெரும்பாலும் காப்பாற்றுமோ, அதுவே இந்த வண்டியில் கவிழ்த்தும் விடலாம்.

இதற்கு அமெரிக்காவில் ஒரு பெரிய வழக்காடலே நடந்தது. 1960இல் வந்த ஷெவர்லே கார்வேர் காரில் எஞ்சினும் பின்னால், ஊஞ்சல் அச்சும் பின்னால். முன்பக்கம் சாய்வைத் தடுக்கும் கம்பி ஒன்று வைக்கலாமா என்று யோசித்து, வைக்காமல் விட்டார்கள். அதற்குப் பதில் டயர் காற்றை முன்னால் 15, பின்னால் 26 என்று வித்தியாசமாக அடிக்கச் சொன்னார்கள். பெட்ரோல் பங்கில் காற்றடிப்பவருக்கு இது எப்படித் தெரியும்? ரால்ஃப் நேடர் 1965இல் எழுதிய புத்தகத்தின் முதல் அத்தியாயம் இந்தக் காரைப் பற்றியதுதான். 1972இல் அரசு ஆய்வு, 'அக்காலத்து மற்ற கார்களைவிட இது மோசமில்லை' என்றது. ஆனால் கம்பெனி 1964 மாடலிலேயே முன்பக்கம் அந்தக் கம்பியையும் பின்பக்கம் குறுக்காக ஒரு பட்டையையும் சேர்த்துவிட்டது. 1965இல் பின் சஸ்பென்ஷனையே மாற்றிவிட்டது. என்னைக் கேட்டால் கம்பெனியின் வாயைவிட அதன் கை சொன்னதுதான் சரியான சாட்சி.

சரி, நம் ஸ்பிட்ஃபயருக்கு வருவோம். கடைக்காரர் சொன்னபடி பின் ஸ்பிரிங்கைக் கடினமாக்கினால் என்ன ஆகும்? குறுக்குப் பட்டை நடுவில் இறுகப் பிடிக்கப்பட்டிருப்பதால் வண்டி சாயும்போது அதை எதிர்க்கும். எதிர்க்கும் வேலையில், உள்பக்கச் சக்கரத்தின் சுமையை எடுத்து வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல் வைக்கும். ஏணியின் ஒரு காலில் மட்டும் தள்ளுவது அதிகமாகும், பின்பக்கம் எழும்புவதும் அதிகமாகும். கடினமான ஸ்பிரிங் நேர்ச்சாலையில் உறுதியாகத் தெரியும், சாதாரண வளைவிலும் சாயாமல் போகும். கடைசி எல்லைக்குப் போகும்போதுதான் குணம் காட்டும்.

பெரிய கம்பெனிகள் எப்படித் தீர்த்தன என்று பாருங்கள். மெர்சிடிஸ் 1954இல் விட்ட 300 எஸ்எல், மேல்நோக்கித் திறக்கும் கதவுள்ள வண்டி, இந்தக் குணத்துக்குப் பேர்போனது. 1957இல் ரோட்ஸ்டராக மாற்றியபோது ஊஞ்சலின் மூட்டை டிஃபரன்ஷியலுக்குக் கீழே தாழ்த்தி, இரண்டு பக்கத்தையும் இணைக்கும் ஒரு ஸ்பிரிங்கையும் குறுக்கே வைத்தார்கள். போர்ஷ 356இல் 'சூப்பர் 90' வந்தபோது பின்னால் குறுக்காக ஒரு பட்டை வந்தது. அது நடுவில் ஆடும்படி மாட்டப்பட்டது. இரண்டு சக்கரமும் சேர்ந்து கீழே தொங்குவதைத் தடுக்கும். ஆனால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால் சீசா பலகைபோலத் தானும் சாய்ந்துகொடுக்கும், எதிர்க்காது.

இந்தச் சீசாதான் விஷயத்தின் உயிர். ட்ரையம்ப் கம்பெனி அங்கே வந்துசேரச் சில வருடம் ஆனது. இடையில் 1966இல் ஸ்பிட்ஃபயருக்கு இரண்டு லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின் வைத்து ஜிடி6 என்று விற்றார்கள். வேகம் கூடியது, பின்பக்கம் பழையதுதான். பத்திரிகைகள் கடுமையாகவே எழுதின. 1968இல் ஜிடி6 மார்க் 2 வந்தபோது கீழே தனிக் கை வைத்து, அச்சில் ரோட்டோஃபிளெக்ஸ் என்ற தடித்த ரப்பர் வளையத்தை இணைப்பாகச் சேர்த்தார்கள். சக்கரம் இப்போது அவ்வளவாகச் சாயவில்லை. நல்ல தீர்வுதான், ஆனால் விலை அதிகம்.

மலிவான ஸ்பிட்ஃபயருக்கு 1970 கடைசியில் மார்க் 4இல் செய்ததைத்தான் நான் மிகவும் ரசிக்கிறேன். அச்சைத் தொடவில்லை. மேலே இருந்த குறுக்குப் பட்டையில் அடித்தகட்டை மட்டும் டிஃபரன்ஷியலோடு இறுக்கிவிட்டு, மற்ற தகடுகள் நடுவில் ஒரு முளையின் மேல் ஆடும்படி விட்டார்கள். இதற்கு ஸ்விங் ஸ்பிரிங் என்று பெயர். பள்ளத்தில் இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினால் பட்டை முழு பலத்தோடு தாங்கும். வண்டி சாய்ந்தால் தராசுக்கோல்போல வளைந்துகொடுக்கும். பின் சக்கரங்கள் இரண்டும் சுமையை ஓரளவு சமமாகப் பகிர்ந்துகொள்ளும், எழும்புவது குறையும். பின்பக்கம் விட்டுக்கொடுத்த சாய்வுத் தடுப்பை ஈடுகட்ட முன்பக்கச் சாய்வுத் தடுப்புக் கம்பியைத் தடிமனாக்கினார்கள். பின்பக்கம் வண்டியைப் பிடித்து நிறுத்துவதற்குப் பின்பக்கத்தைத் தளர்த்தி முன்பக்கத்தை இறுக்கினார்கள்! விலையுயர்ந்த ஜிடி6கூட 1973இல் ரப்பர் வளையத்தைக் கைவிட்டு இதற்கே திரும்பிவந்தது. 1980இல் ஸ்பிட்ஃபயர் நிற்கும் வரை இதுதான்.

ஆகவே தம்பி, உன் மார்க் 3க்கு என் யோசனை இது. முதலில் புது ஸ்பிரிங் எதையும் வாங்காதே. ஐம்பது வருடம் தாண்டிய வண்டி. ரப்பர் புஷ்களெல்லாம் மாற்றப்பட்டனவா, பின் சக்கரத்தை முன்னும் பின்னும் அசையாமல் பிடிக்கும் கை தளர்ந்திருக்கிறதா என்று பார். முன் சக்கர அடிமூட்டுக்குக் கிரீஸ் அடித்திருக்கிறார்களா, கியர் ஆயில் விட்டிருக்கிறார்களா என்று விசாரி. கம்பெனி கையேடு சொன்னது ஆயில். கிரீஸ் மட்டுமே அடித்து வந்தால் உள்ளே மரை காய்ந்து தேய்ந்து, ஒருநாள் சக்கரம் மடிந்துவிடும்.

பிறகு தேர்வு. பந்தயக்காரர்கள் பின்பக்கத்தைத் தாழ்த்தி, சக்கரத்தின் தலை எப்போதும் உள்ளே சாய்ந்திருக்கும்படி வைத்துக்கொள்வார்கள். உனக்கு மேடுபள்ளமுள்ள மலைச்சாலை, கொஞ்சம் தாழ்த்தினால் போதும். போர்ஷ வழியில் கீழே ஒரு பட்டை சேர்க்கலாம். அல்லது பிந்திய ஸ்பிட்ஃபயரின் ஸ்விங் ஸ்பிரிங்கை மாட்டலாம். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன், கம்பெனியே பத்து வருடம் ஓட்டிப் பார்த்த வழி அது. ஆனால் அதை மாட்டும்போது தடித்த முன்கம்பியையும் சேர்த்தே மாட்ட வேண்டும். ஒன்றை மட்டும் மாட்டுவது பாதி மருந்து சாப்பிடுவது மாதிரி. ஷாக் அப்சார்பர் இறுக்கம் மாற்றக்கூடிய வகையாக இருந்தால், குறைந்த இறுக்கத்தில் ஆரம்பித்து, ஒரே சாலையில் ஓட்டிப்பார்த்து, ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய். என்ன மாற்றினாய் என்று நோட்டில் எழுதிவை. இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது, ஏழாம் வகுப்பு அறிவியல்தான். சக்கரக் கோணம் பார்க்கும்போது சீட்டில் உன் எடைக்கும் மகன் எடைக்கும் சமமாக மணல் மூட்டை வைக்கச் சொல். இந்த வண்டியில் ஆள் ஏறினாலே கோணம் மாறிவிடும். பின் டயரில் முன்னதைவிடக் கூடுதல் காற்று வேண்டும், அதைக் கையேட்டில் உள்ளபடி வை. வளைவுக்கு முன்னே வேகத்தைக் குறை, வளைவுக்குள்ளே காலைச் சட்டென்று எடுக்காதே.

கடைசியாக, சென்னைக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று சொல்லவில்லையே. கோவென்ட்ரியில் அச்சை வைத்துக்கொண்டு பட்டையை மாற்றினார்கள். இங்கே 1972இல் ஹெரால்டுக்குப் பதில் 'ஸ்டாண்டர்டு கேஸல்' என்று ஒன்றை விட்டபோது ஊஞ்சல் அச்சையே எடுத்துவிட்டு, அம்பாசடர் மாதிரி ஒற்றை இரும்பு அச்சை வைத்துவிட்டார்கள். எஞ்சின் அதே 948 சிசி. இதைப் பின்னடைவு என்று சொல்வோர் உண்டு. நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். இங்கே கார் என்றால் இரண்டு பேர் உல்லாசமாகப் போவதற்கல்ல. தாத்தா, பாட்டி, பிள்ளைகள், மூட்டை முடிச்சு, கோயில், கல்யாணம். அத்தனை சுமையோடு காலை அகட்டி நடக்கும் பின்பக்கத்தை நம் வண்டி சொந்தக்காரர்களும் மெக்கானிக்குகளும் விரும்பவில்லை. எந்த ஊர் பட்டறையிலும் தெரிந்த அச்சு வேண்டும் என்றார்கள், கிடைத்தது.

வீட்டில் ஹெரால்டு வைத்திருந்த குடும்பங்கள் நம் கூட்டத்தில் இரண்டு மூன்றாவது இருக்கும். பழைய ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள். பின் சீட்டு நிறைய ஆள் உட்கார்ந்திருக்க, பின்பக்கத்திலிருந்து எடுத்த படம் கிடைத்தால் கீழே போடுங்கள். சக்கரத்தின் சாய்வை அளந்து பார்ப்போம்.