இடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு படம்

தரமணி என்றால் உங்களுக்கு டைடல் பார்க் ஞாபகம் வரும், பறக்கும் ரயில் ஞாபகம் வரும். எனக்கு அந்தப் பக்கம் போனால், இங்கே களத்துமேடு எங்கே இருந்திருக்கும் என்றுதான் கண் தேடும். விவசாயி புத்தி அப்படி. 2000-ல் டைடல் பார்க் திறந்தார்கள். அதற்கு முன்னால் வேளச்சேரி, பெருங்குடி எல்லாம் ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த ஊர்கள். நெல் விளைந்த ஊரில் மாட்டுக் கொட்டகை இருந்திருக்கும், வைக்கோல் போர் இருந்திருக்கும், நெல் கொட்டி வைக்க குதிர் இருந்திருக்கும். அந்த ஊர்களின் கோயில் படம் எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஒரு கொட்டகையின் படம்கூட என் கண்ணில் பட்டதில்லை.

நம் ஊருக்கு கேமரா தாமதமாக வந்தது என்று சொல்ல முடியாது. லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி மெட்ராஸ் அரசாங்கத்துக்காக 1858-ல் மதுரை, தஞ்சாவூர், திருச்சி என்று போய் படம் எடுத்தார். பத்து வருஷம் கழித்து எட்மண்ட் லயன் என்பவரும் அரசாங்கம் கேட்டுக்கொண்டபடி கிளம்பினார். இரண்டு பேரும் எடுத்தது முக்கியமாக கோயில், கோபுரம், அரண்மனை. வழியில் எத்தனை களத்தையும் கொட்டகையையும் தாண்டிப் போயிருப்பார்கள்! அதெல்லாம் படம் எடுக்கிற பொருளாக யாருக்கும் தோன்றவில்லை.

கிராமத்தை எழுதி வைத்தவர்கள் உண்டு. மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916 வாக்கில் மாணவர்களை கிராமங்களுக்கு அனுப்பி தகவல் திரட்டினார். 1918-ல் அது புத்தகமாக வந்தது. இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான் போன்ற ஊர்களின் நிலம், கடன், கூலி எல்லாம் அதில் இருக்கிறது. அந்த ஊர்களுக்கே 1930-களில் மறுபடி போனார்கள். 1980-களில் அடையாறு காந்தி நகரில் இருக்கும் வளர்ச்சி ஆய்வு நிறுவனத்துக்காரர்களும் போனார்கள். 1961 சென்சஸ் சமயத்தில் சில கிராமங்களுக்குத் தனித்தனிப் புத்தகம் போட்டு, வீடுகளின் படமும் வரைபடமும் சேர்த்தார்கள். நல்ல வேலை. ஆனால் தமிழ்நாட்டில் எத்தனை ஆயிரம் கிராமம்! நம் ஊருக்கு யார் வந்தார்கள்?

குதிரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓடுகிற குதிரை இல்லீங்க, நெல் குதிர். "எங்கப்பன் குதிருக்குள்ள இல்ல" என்று நீங்களும் சொல்வீர்கள். ஒரு ஆள் உள்ளே ஒளிந்துகொள்கிற அளவுக்கு குதிர் பெரிசு என்று பார்த்தவனுக்குத்தான் அந்தச் சிரிப்பு முழுசாக வரும். களிமண்ணில் வைக்கோல் சேர்த்து மிதித்து, உறை உறையாகச் செய்து, காயவிட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பூசுவார்கள். மேலே மூடி, கீழே நெல் எடுக்க ஒரு ஓட்டை. பூச்சி வராமல் இருக்க நெல்லோடு நொச்சி இலையும் வேப்பிலையும் போடுவார்கள்.

பாபநாசம் பக்கத்தில் திருப்பாலைத்துறை கோயிலில் நாயக்கர் காலத்துச் செங்கல் களஞ்சியம் ஒன்று நிற்கிறது. 3000 கலம் நெல் கொள்ளும். 12 மரக்கால் ஒரு கலம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். செங்கல், கோயில் சொத்து, தொல்லியல் துறை பாதுகாப்பு, அதனால் சுமார் 400 வருஷமாக நிற்கிறது. நம் வீட்டு மண் குதிருக்கு மேலே இருக்கிற ஓடு சரிந்தால் இரண்டு மழையில் கரைந்துவிடும்.

இதெல்லாம் போவதற்கு யாரையும் குறை சொல்ல மாட்டேன். டிராக்டர் வந்தது, உழவு மாடு போனது, கொட்டகைக்கு வேலை இல்லை. கரண்ட் மோட்டார் வந்தது, கவலை இறைத்த கல்தூண் தனியாக நிற்கிறது. அறுவடை மெஷினிலிருந்து நெல் நேராகக் கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது, பத்தாயம் எதற்கு? 2010-ல் வந்த கலைஞர் வீட்டு வசதித் திட்டத்தில் எத்தனையோ குடிசை கான்கிரீட் வீடானது. ஒழுகாத வீட்டில் படுத்துத் தூங்குகிறவனிடம் போய் பழைய கூரை அழகு என்று பேசினால் அடிக்க வருவான். நியாயம்தான். இடிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு படம் எடுங்கள் என்கிறேன்.

முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறது. 1996-ல் திறந்தது. பல ஊர்களில் இருந்து பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். குழந்தைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். ஆனால் எல்லா ஊர் கொட்டகையையும் அப்படித் தூக்கிவர முடியாது. படம் எடுக்கலாம், அதற்குக் காசு இல்லை.

இதில் தரமணிக்கே ஒரு பாடம் இருக்கிறது. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். சைன்போர்டு எழுதுவது அவர் தொழில். புத்தகத்தோடு நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று ஊரார் கசக்கிப் போடுகிற காகிதத்தையும் சேர்த்து வைத்தார். 1992-ல் அவர் இறந்தபோது சேர்ந்திருந்தது சுமார் ஒரு லட்சம். அந்தச் சேகரிப்பை வைத்து 1994-ல் ஆரம்பித்த நூலகம்தான் இன்று தரமணியில் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து படிக்கிறார்கள். மாட்டுக் கொட்டகைப் படமும் கல்யாணப் பத்திரிகை மாதிரிதான். இன்றைக்கு அதற்கு மதிப்பு இருக்காது.

மதுராந்தகம் பக்கம் எங்கள் சுற்று வட்டாரத்தில் யார் வீட்டில் இடிக்கிற பேச்சு வந்தாலும் நான் செல்போனோடு போய்விடுவேன். நாலு பக்கமும் எடுப்பேன், உள்ளேயும் எடுப்பேன். காலை வெயில் சாய்வாக விழும்போது சுவரில் கைவிரல் தடம்கூடத் தெரியும். அளவு தெரிய ஒரு ஆளை நிற்க வைப்பேன். பனங்கை எப்படிக் கட்டியிருக்கிறது, நாட்டு ஓடு எப்படிப் படிந்திருக்கிறது, தொட்டி எவ்வளவு உயரம் என்று பக்கத்தில் போய் எடுப்பேன். அப்புறம் வீட்டுப் பெரியவரிடம், "இதுக்கு என்ன பேருங்க? யார் கட்டினது?" என்று கேட்டு எழுதிக்கொள்வேன். படத்தை விட அந்தப் பேர் முக்கியம். கொட்டகை போனால் அதோடு பத்து இருபது சொல்லும் போகும்.

நகரத்தில் இருக்கிற உங்களுக்குச் சொல்ல ஒரு காரணம் உண்டு. ஊரில் பல பழைய கட்டடத்துக்குப் பட்டா உங்கள் பேரில்தான் இருக்கிறது. சென்னையில் உட்கார்ந்துகொண்டு போனில், "சரி, இடிச்சிடுங்க" என்று சொல்வது நீங்கள்தான். அடுத்த தடவை அந்தப் போன் வந்தால் ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வாருங்கள், அத்தையோ சித்தப்பாவோ உயிரோடு இருந்தால் கூட நிறுத்திப் படம் எடுங்கள், பேர் கேட்டு எழுதுங்கள், நாலு படமாவது பிரிண்ட் போட்டு வையுங்கள். திங்கட்கிழமை இடித்துக்கொள்ளலாம்.