ஓரியன் நெபுலா

ஓரியன் நெபுலா (எம் 42) என்பது ஓரியன் விண்மீன் குழுவில், பூமியிலிருந்து ஏறத்தாழ 1,350 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள உமிழ் நெபுலா. அகலம் சுமார் 24 ஒளியாண்டு. வெறும் கண்ணுக்கே தென்படும் மிகச் சில நெபுலாக்களுள் இதுவும் ஒன்று.

எதிரொளிப்பு நெபுலா என்னும் வேறு வகை, தன் தூசு அருகிலுள்ள விண்மீனின் ஒளியைச் சிதறடிப்பதால் தெரிகிறது. உமிழ் நெபுலாவிலோ வாயுவே ஒளிர்கிறது. ஓரியன் நெபுலாவின் நடுவே சரிவக வடிவில் நிற்கும் நான்கு இளம் விண்மீன்களில் மிகவும் சூடானது தீட்டா-1 ஓரியானிஸ் சி. சூரியனைப்போல் 30 மடங்குக்கு மேல் நிறை கொண்ட இதன் மேற்பரப்பு வெப்பநிலை சுமார் 39,000 கெல்வின். இது வீசும் புற ஊதாக் கதிர்களில் 91.2 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ளவை ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெறிகின்றன. அந்த எலக்ட்ரான் மறுபடி ஒரு புரோட்டானுடன் சேர்ந்து, ஆற்றல் நிலைகளில் படிப்படியாக இறங்கும்போது ஒளி பிறக்கிறது. படங்களில் நாம் காணும் சிவப்பு, இவ்வாறு வெளிப்படும் 656.3 நானோமீட்டர் ஒளி. நெபுலாவை இப்படி அயனியாக்கும் கதிர்களில் பெரும்பங்கு இந்த ஒரே விண்மீனுடையது என்பதுதான் இதில் வியப்பு.

ஒளியூட்டுவதோடு அது நிற்பதில்லை. பின்னால் இருண்டு கிடக்கும் மாபெரும் மூலக்கூறு முகிலின் முன்பக்கத்தைக் கதிர்வீச்சு அரித்துக் கிண்ணம்போல் குடைந்திருக்கிறது. அந்தக் குடைவின் ஒளிரும் உட்புறமே நாம் பார்க்கும் நெபுலா. விண்மீன் காற்றும் வாயுவை வெளியே தள்ளுகிறது. அதனால் எழுந்த வாயு ஓடு நொடிக்கு 13 கிலோமீட்டர் வேகத்தில் விரிவதை சோஃபியா பறக்கும் ஆய்வகத்தின் தரவுகள் காட்டின. புதிய விண்மீன்களுக்கு வேண்டிய வாயுவும் அதோடு விலகிப் போகிறது. ஹப்பிள் தொலைநோக்கி இங்கே இளம் விண்மீன்களைச் சூழ்ந்த வட்டுகளைப் படமெடுத்தது. கோள்கள் உருவாகக்கூடிய அந்த வட்டுகளில் சில, தீட்டா-1 சி-யின் கதிர்களால் ஆவியாகி, அதற்கு எதிர்த்திசையில் வால் நீட்டியிருக்கின்றன.

பிரான்ஸைச் சேர்ந்த பெய்ரெஸ்க் 1610-இல் தொலைநோக்கியில் இதைக் கண்டார். வானியலாளர் மெசியே 1769-இல் தம் பட்டியலில் 42-ஆம் எண்ணாகச் சேர்த்தார். இது வாயுதான் என்று 1865-இல் நிறமாலை வழியே காட்டியவர் வில்லியம் ஹகின்ஸ். அந்த நிறமாலையில் தெரிந்த பச்சைக் கோட்டுக்குக் காரணம் 'நெபுலியம்' என்னும் புதுத் தனிமம் என்று கருதப்பட்டது. இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன்தான் அதை உமிழ்கிறது என்று 1927-இல் ஐரா போவன் விளக்கினார். ஆய்வகங்களில் எட்ட முடியாத அளவுக்கு அடர்த்தி குறைந்த வாயுவில்தான் அந்தக் கோடு பளிச்சென்று தோன்றும்.

ஓரியன் விண்மீன் குழுவின் இடுப்புப் பட்டையாக வரிசையில் நிற்கும் மூன்று விண்மீன்களுக்குத் தெற்கே, ஜனவரி, பிப்ரவரி மாத முன்னிரவுகளில் இதைத் தேடலாம். சாதாரண இருநோக்கியே போதும். மங்கிய ஒளியில் கண் நிறத்தைப் பிரித்தறியாது என்பதால், படத்தில் கண்ட சிவப்பை எதிர்பார்க்க வேண்டாம்.