வாடகைக்காரரைக் காலி செய்ய வைத்த பின் அட்வான்ஸ் பணம் யாருக்குச் சொந்தம்?

இளையரசனேந்தல் போன்ற ஊர்களிலிருந்து வேலைக்காகவும் பிள்ளைகளின் படிப்புக்காகவும் கோவில்பட்டி, சங்கரன்கோவில் என்று போய் வாடகை வீட்டில் குடியேறும் குடும்பங்கள் பல. அதேபோல, வெளிநாட்டில் உழைத்த பணத்தில் ஒரு வீட்டைக் கட்டி, அதன் வாடகையை நம்பி வாழும் முதியவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பாரும் நம்மிடம் கேள்வியோடு வருகிறார்கள்.

ஒருமுறை ஜும்ஆ முடிந்ததும் ஒரு வீட்டுக்காரர் கேட்டார்: "ஹஜ்ரத், மூணு மாச வாடகை தராம இழுத்தடிச்சான். காலி பண்ண வச்சுட்டேன். இப்ப அட்வான்ஸக் கேட்டு ஆள் அனுப்புறான். அதையும் கொடுக்கணுமா?"

அவரது கோபம் நியாயமானது. வசதி இருந்தும் கடனைத் தள்ளிப்போடுவது அநியாயம் என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்துள்ளார்கள் (புகாரி, முஸ்லிம்). ஆனால் அந்தக் கோபம் ஒன்றை மறைத்துவிடுகிறது. வாடகைக்காரர் மூன்று மாதத்துக்குக் கடனாளி என்றால், அட்வான்ஸை வைத்திருக்கும் வீட்டுக்காரரும் ஒரு கடனாளியே.

அட்வான்ஸ் என்பது என்ன?

வாடகை என்பது வீட்டைப் பயன்படுத்தியதற்கான கூலி. அது வீட்டுக்காரரின் சொத்து. அட்வான்ஸ் அப்படியல்ல. காலி செய்யும்போது திருப்பித் தருவதாகப் பேசி வாங்கிய பணம் அது. தொடாமல் அப்படியே வைத்திருந்தால் அமானிதம். நம் ஊர்களில் நடப்பதுபோல, வாடகைக்காரருக்குத் தெரிந்தே வாங்கிச் செலவு செய்துவிட்டால் அது கடன். எந்தப் பெயர் சொன்னாலும் அதற்கு உரியவர் வாடகைக்காரர்தான். அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு அல்லாஹ் கட்டளையிடுகிறான் (4:58). வாடகை தராதது குற்றம் என்பதற்காக, அபராதமாக முழு அட்வான்ஸையும் எடுத்துக்கொள்ள மார்க்கத்தில் இடமில்லை.

தன் உரிமையை மட்டும் கழித்துக்கொள்ள இடமுண்டு. கணவர் போதிய செலவுக்குத் தருவதில்லை என்று முறையிட்ட ஹிந்த் (ரலி) அவர்களுக்கு, தமக்கும் பிள்ளைகளுக்கும் நியாயமாகப் போதுமானதை அவரது பொருளிலிருந்து எடுத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள் (புகாரி). கைக்கு எட்டும் பணத்திலிருந்து தன் பாக்கியை எடுக்கலாம் என்பதற்கு இதை ஆதாரமாகக் காட்டும் சட்ட அறிஞர்கள், உரிமைக்கு மேல் ஒரு ரூபாயும் கூடாது என்கிறார்கள்.

நாட்டுச் சட்டம் சொல்வது

தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைச் சட்டத்துக்குப் பதிலாக, 2017-இல் இயற்றப்பட்ட நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டம் 22.02.2019 முதல் நடைமுறையில் உள்ளது. கோவில்பட்டி, சங்கரன்கோவில் போன்ற நகரங்களின் வீடுகளுக்கு இது பொருந்தும். இதன்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிராவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைக்காரர் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பிவிட வேண்டும்.

1989-இல் ஆந்திராவின் கூடூர் மாடர்ன் ஓட்டல் வழக்கில், பாக்கியை ஈடுகட்டும் அளவுக்கு வாடகைக்காரரின் பணம் உரிமையாளர் கையில் இருக்கும்போது அவரை வாடகை தராதவர் என்று சொல்லிக் காலி செய்ய வைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அது பழைய சட்டங்களின் காலத்துத் தீர்ப்பு. இருந்தாலும், அட்வான்ஸ் வாடகைக்காரரின் பணம் என்பதை அது தெளிவாகவே காட்டுகிறது.

கணக்கு பார்ப்பது எப்படி?

மாத வாடகை 4,000 ரூபாய், ஒப்பந்தப்படி அட்வான்ஸ் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாத பாக்கி 12,000. கரண்ட் பில் 850. உடைந்த வாஷ்பேசினை மாற்ற 600. மொத்தம் 13,450. திருப்பித் தர வேண்டியது 6,550 ரூபாய்.

வாடகையைச் சாவி ஒப்படைத்த நாள் வரைதான் கணக்கிட வேண்டும். மாதத்தின் 10-ஆம் தேதி காலி செய்தால், ஒப்பந்தத்தில் வேறு பேச்சு இல்லாதவரை பத்து நாள் வாடகைதான். மின் கணக்கீடு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நடப்பதால், சாவி வாங்கும் நாளிலேயே இருவரும் சேர்ந்து மீட்டரைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

சேதத்தில்தான் தகராறு அதிகம். வாடகைக்காரரின் கையில் வீடு அமானிதம் என்பது ஹனஃபி, ஷாஃபி இரு மத்ஹபுகளிலும் உள்ள சட்டம். அவர் வேண்டுமென்றோ கவனக்குறைவாலோ உடைத்ததற்குத்தான் பொறுப்பாளி. குடியிருந்ததால் மங்கிய சுவரும் தேய்ந்த தாழ்ப்பாளும் அவர் கணக்கில் வராது. ஒப்பந்தத்தில் எழுதாமல் வெள்ளையடிப்புக்கு 5,000 ரூபாய் பிடிப்பது முறையல்ல. பாக்கிக்குத் தாமதக் கட்டணம் என்று சேர்ப்பது வட்டி. அதை நாம் வாங்கக் கூடாது.

பாக்கி அட்வான்ஸைத் தாண்டினால்?

மேலே சொன்ன கணக்கில் ஆறு மாத பாக்கி என்றால் மொத்தம் 25,450 ஆகும். அட்வான்ஸ் போக 5,450 ரூபாய் அவர் மீது கடனாக நிற்கும். அதற்காக அவரது பாத்திரத்தையும் கேஸ் சிலிண்டரையும் பிடித்துவைப்பது நம் வழியல்ல. மீதிக்கு எழுதி வாங்கிக்கொள்ளலாம், சட்டப்படியும் கேட்கலாம். அவர் உண்மையிலேயே கஷ்டத்தில் இருந்தால், வசதி வரும்வரை அவகாசம் தருமாறும், விட்டுக்கொடுப்பது அதைவிடச் சிறந்தது என்றும் குர்ஆன் (2:280) வழிகாட்டுகிறது.

காலி செய்ய வைப்பதிலும் ஒழுங்கு வேண்டும். தண்ணீரையோ கரண்டையோ நிறுத்துவதைச் சட்டம் தடுக்கிறது. இரண்டு மாத பாக்கி இருந்தால் நோட்டீஸ் கொடுக்கலாம். ஒரு மாதத்துக்குள் அவர் கட்டாவிட்டால் வாடகை நீதிமன்றம் போகலாம். அதற்கு முன் ஜமாஅத் பெரியவர்கள் இருவரை வைத்துப் பேசுவது செலவையும் மனக்கசப்பையும் குறைக்கும்.

வாடகைக்காரர் சொல்லாமல் போய்விட்டால்?

கழித்தது போக மீதியைத் தனியாக எடுத்துவைத்து, கணக்கை எழுதி, உறவினர் வழியாகத் தேட வேண்டும். இறந்திருந்தால் வாரிசுகளுக்குச் சேர வேண்டும். இனிக் கண்டுபிடிக்க வழியே இல்லை என்று ஆனால், அவர் பெயரில் ஸதகா செய்துவிடலாம். பிறகு எப்போதாவது அவர் வந்து கேட்டால் கொடுக்கும் பொறுப்பு நமக்கு உண்டு.

அந்த வீட்டுக்காரர், அட்வான்ஸ் செலவாகிவிட்டது, கையில் பணமில்லை என்றார். "அப்படியானால் நீங்களும் அவரிடம் அவகாசம் கேளுங்கள்" என்றோம். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், கணக்குத் தாளை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அடுத்த மாதம் மீதிப் பணத்தைச் சாட்சிகள் முன்னிலையில் கொடுத்து, கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

நம் கொடுக்கல் வாங்கலை அல்லாஹ் தூய்மையாக்கி வைப்பானாக. ஆமீன்.