பல்லும் பால்மரமும்

யோங் பெங் வட்டாரத் தோட்டங்களில் இன்று செம்பனையே மிகுந்து காணப்படினும், பால்வெட்டுத் தொழிலின் நுட்பமறிந்த முதியோர் இன்னும் உளர். பட்டையை மட்டுமே சீவ வேண்டும். கத்தி மரத்தைக் காயப்படுத்தலாகாது என்பது அத்தொழிலின் முதற்பாடம். பல் வைத்தியமும் இதே பாடத்தைக் கற்றது. ஆயின் அதற்கு நெடுங்காலம் பிடித்தது. அவ்வரலாற்றில் ஜொகூர்க் காட்டிற்கும் ஓர் இடம் உண்டு.

ரப்பர் மரம் பிரேசிலிலிருந்து இங்கு வந்து சேருமுன்னரே, நம் காடுகளில் தாபான் எனும் மரம் செழித்திருந்தது. அதன் பால் உறைந்த பொருளே கட்டாபெர்ச்சா. வெந்நீரில் இளகி, ஆறியதும் இறுகும் இயல்புடையது. 1840களில் மேலைநாட்டார் இதன் அருமையை உணரவே, ஜொகூர்த் தெமெங்கோங் டாயிங் இப்ராகிம் இவ்வாணிகத்தால் பெருஞ்செல்வம் ஈட்டினார். அப்பத்தாண்டின் இறுதியில் ஏசா ஹில் எனும் அமெரிக்கப் பல் வைத்தியர், வெளுத்த கட்டாபெர்ச்சாவுடன் சுண்ணாம்பும் படிகக்கல் தூளும் சேர்த்துச் சொத்தைப் பல்லை அடைக்கும் பொருளொன்றை ஆக்கினார். பல்லின் வேர்க்குழியை நிரப்ப இன்றளவும் கட்டாபெர்ச்சாவே பயன்படுகின்றது.

எனினும் இங்கே இரண்டு குறைகளைக் காண்கின்றோம். முதலாவது, பால் எடுப்பதற்காக மரத்தையே வெட்டிச் சாய்த்தனர். சிங்கப்பூரைச் சூழ்ந்த காடுகளில் சில ஆண்டுகளிலேயே தாபான் அருகிப்போயிற்று. இரண்டாவது, அடைத்த பொருள் பல்லுக்குள் இருந்ததேயன்றிப் பல்லோடு ஒட்டவில்லை.

முதற்குறையை ரப்பர் தீர்த்தது. சிங்கப்பூர்ப் பூந்தோட்டத் தலைவர் ஹென்றி ரிட்லி, 1890களில் மரத்தை அழிக்காது நாடோறும் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். பல் வைத்தியமோ அக்காலத்தில் எதிர்த்திசையில் சென்றுகொண்டிருந்தது. பாதரசக் கலவை பல்லில் ஒட்டாதாகையால், வாய் சிறுத்து வயிறு பெருத்த குடம்போல் குழி தோண்ட வேண்டியிருந்தது. அமெரிக்க அறிஞர் ஜி. வி. பிளாக் அக்குழிகளுக்கு முறையான இலக்கணம் வகுத்தார். சொத்தையோடு நல்ல பல்லும் சேர்ந்தே குடையப்பட்டது. முன்பல்லின் முனை உடைந்தாலோ, சுற்றிலும் அராவி உறை மாட்ட வேண்டும். அதற்கு வசதியற்றோர் பிடுங்கிக்கொள்ள வேண்டும். அல்லது வாயைக் கையால் மறைத்துச் சிரிக்க வேண்டும்.

இந்நிலையை மாற்றியவர் மைக்கேல் புவனோகோர். உலோகத்திற்கு வர்ணம் பூசுமுன் பாஸ்பாரிக் அமிலத்தால் அதன் மேற்பரப்பைப் பதப்படுத்துவதைத் தொழிற்சாலைகளில் கண்டிருந்தனர். பல்லிற்கும் அவ்வாறே செய்தாலென்ன என்று அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் அவர் ஆராய்ந்து, 1955இல் முடிவை வெளியிட்டார். அமிலம் பட்ட எனாமலில் கண்ணுக்குப் புலப்படாத நுண்குழிகள் தோன்றுகின்றன. அவற்றுள் செயற்கைப் பிசின் ஊடுருவி இறுகுங்கால், மண்ணைப் பற்றிய வேர்போல் பல்லைப் பற்றிக்கொள்கின்றது. 1962இல் ரஃபேல் போவன் இதற்கேற்ற உறுதியான பிசினை, சிலிக்கா நுண்தூளுடன் கலக்கத்தக்கதாய் அமைத்தார். கல்தூள் சேர்க்கும் ஹில்லின் எண்ணம் புதுவடிவில் மீண்டது எனலாம். 1970களின் பிற்பகுதியில் நீல ஒளியால் பிசினை நொடிகளில் இறுகச் செய்யும் முறையும் வந்தது.

இன்று பல் வைத்தியர் பல்லின் நிறத்திற்கு இசைந்த பிசினைத் தேர்ந்து, படலம் படலமாக வைத்து, ஒளியால் இறுக்கி, மெருகேற்றுகின்றார். உடைந்த முனையும் பல்லிடுக்கும் பெரும்பாலும் ஒரே அமர்வில் சீராகின்றன. நல்ல பல்லை மிகுதியாக அராவ வேண்டுவதில்லை. ஆயினும் இஃது அழியாப் பொருளன்று. தேநீரும் வெற்றிலையும் கறைப்படுத்தும். எலும்பைக் கடித்தால் சிதையும். சில ஆண்டுகளில் புதுப்பிக்க வேண்டிவரும். பதிவுபெறாதோர் அழகு நிலையங்களில் இவ்வேலையைச் செய்வது மலேசியச் சட்டப்படி குற்றம் என்பதையும் பெற்றோர் நினைவிற் கொள்ளல் நன்று. மலிவென்று நம்பி வருவோரின் நல்ல பல்லை அத்தகையோர் அராவிவிடின், அதனை ஈடுசெய்ய வழியில்லை.

ஏனெனில், பால்மரத்திற்கும் பல்லிற்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. சீவிய பட்டை சில ஆண்டுகளில் மீண்டும் வளரும். அராவிய எனாமல் ஒருபோதும் வளராது.