‘இடுப்பு வலி’ என்றால் எந்த இடம்? இடுப்பெலும்பும் பிட்டத் தசைகளும்

கிளினிக்கில் “இடுப்பு வலிக்கிறது” என்று சொன்னதும் மருத்துவர் அடுத்துக் கேட்பது, “எந்த இடத்தில்?” என்பதுதான். சேலைக் கொசுவம் செருகும் இடமும் இடுப்பு. முதுகின் அடிப்பகுதியும் இடுப்பு. தொடை வந்து சேரும் பக்கவாட்டுப் பகுதியும் இடுப்புதான். மலாயில் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு. பிங்காங் என்பது இடையும் கீழ்முதுகும். பிங்குல் என்பது அதற்குக் கீழே தொடை சேரும் பகுதி. “சாக்கிட் பிங்காங்” என்று சொல்லிவிட்டால் மருத்துவரின் கவனம் முதுகெலும்பின் பக்கம் போய்விடும். நம் பெரியவர்கள் கீழ்முதுகு வலியைக் ‘குறுக்கு வலி’ என்று தனியாகப் பிரித்துத்தான் சொன்னார்கள். அந்தச் சொல் பேச்சில் குறைந்து வருவது நட்டமே.

வலி எங்கே என்று சரியாகக் காட்ட, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்திருப்பது நல்லது.

இடுப்பெலும்பு வலம், இடம் என இரண்டு. பின்புறம் முதுகெலும்பின் அடியிலுள்ள திரிக எலும்போடும், முன்புறம் ஒன்றோடொன்றும் சேர்ந்து ஒரு வளையமாக நிற்கின்றன. ஒவ்வோர் இடுப்பெலும்பும் உண்மையில் மூன்று எலும்புகள் சேர்ந்து வளர்ந்தது. மேலே அகன்று விரிந்திருப்பது இலியம், கீழே பின்புறம் இருப்பது இஸ்கியம், முன்னால் இருப்பது பியூபிஸ். குழந்தைப் பருவத்தில் இவற்றுக்கிடையே குருத்தெலும்பு இருக்கும். பதின்ம வயதின் நடுவில்தான் மூன்றும் இறுகி ஒன்றாகின்றன. அவை கூடும் இடத்தில் ஒரு கிண்ணம் போன்ற குழி உள்ளது. தொடையெலும்பின் பந்து போன்ற தலை அதில் உட்கார்ந்து சுழல்கிறது.

இவற்றைக் கையாலேயே தொட்டுப் பார்க்கலாம். இடுப்பில் கைவைத்து நிற்கும்போது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே தட்டுப்படும் விளிம்பு, இலியத்தின் மேல் ஓரம். தாய்மார் பிள்ளையைத் தூக்கி உட்கார வைப்பது இந்த விளிம்பின் மேல்தான். பிள்ளைப்பேற்று அறுவைக்கு முன் முதுகில் மயக்க ஊசி போடும் மருத்துவர், இரு பக்க விளிம்புகளையும் தடவிப் பார்ப்பார். அவற்றை இணைக்கும் கோடு நான்காம் இடுப்பு முள்ளெலும்பை ஒட்டிச் செல்வதால், ஊசி போடும் மட்டம் தெரிந்துவிடும். கட்டைப் பலகையில் வெகுநேரம் உட்கார்ந்தால் அடியில் உறுத்துவது இஸ்கியம். நிற்கும்போது பெரிய பிட்டத் தசை அதை மூடியிருக்கும். உட்கார்ந்ததும் தசை விலகி, எலும்பு பலகையில் பதிகிறது.

பிட்டத்தில் தசைகள் மூன்று அடுக்காக இருக்கின்றன. மூன்றும் இலியத்தின் வெளிப்பக்கத்தில் தொடங்குகின்றன. காய்ந்த எலும்பைக் கையில் எடுத்துப் பார்த்தால் அந்தப் பரப்பில் மூன்று வளைந்த கோடுகள் மங்கலாகத் தெரியும். எந்தத் தசை எங்கிருந்து கிளம்புகிறது என்பதற்கு அவை எல்லைக் கோடுகள்.

மேலே இருப்பது குளூட்டியஸ் மேக்சிமஸ். இலியத்தின் பின்மூலை, திரிக எலும்பு, வால் எலும்பு ஆகியவற்றில் தொடங்கிச் சரிவாக இறங்குகிறது. அதன் ஒரு சிறு பகுதி தொடையெலும்பின் பின்புறத்தில் பற்றுகிறது. பெரும்பகுதி, தொடையின் வெளிப்பக்கமாக முழங்கால் வரை ஓடும் ஒரு தடித்த பட்டையில் சேர்கிறது. சமதரையில் மெதுவாக நடக்க இந்தத் தசைக்கு அதிக வேலையில்லை. நாற்காலியிலிருந்து எழும்போதும், செம்பனை மரத்தடியில் குந்தி உதிர்ந்த பழம் பொறுக்கிவிட்டு நிமிரும்போதும், படி ஏறும்போதும்தான் அதன் பலம் வெளிப்படுகிறது. பத்துமலையின் 272 படிகளை ஏறிய மறுநாள் பிட்டம் வலிப்பதற்கு இதுவே காரணம்.

அதற்கு அடியில் மீடியஸ், அதற்கும் அடியில் மினிமஸ். இரண்டும் இலியத்திலிருந்து விசிறி போலக் குவிந்து இறங்கி, தொடையெலும்பின் மேல்முனையில் வெளிப்பக்கம் துருத்தி நிற்கும் முண்டில் பற்றுகின்றன. காற்சட்டைப் பைக்குக் கீழே, பக்கவாட்டில் கடினமாகத் தட்டுப்படுவதே அந்த முண்டு. அளவில் சிறியவை என்றாலும், மனிதன் நிமிர்ந்து நடப்பது இவ்விரு தசைகளால்தான். ஓர் அடி எடுத்து வைக்கும்போது உடல் ஒரே காலில் நிற்கிறது. அப்போது மறுபக்க இடுப்பு கீழே சரியாமல் பிடித்துக்கொள்வது, ஊன்றிய காலின் பக்கத்து மீடியசும் மினிமசும். அவை தளர்ந்தால் மறுபக்கம் சரியும். சரியாமலிருக்க ஆள் உடலை ஆட்டி ஆட்டி நடப்பார். ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லி இதைக் கண்டறியும் சோதனைக்கு, 1895-இல் இதை விளக்கிய ஜெர்மானிய அறுவை மருத்துவர் டிரெண்டலன்பர்க்கின் பெயரே வழங்குகிறது.

கைத்தடியை எந்தக் கையில் பிடிப்பது என்ற கேள்விக்கும் விடை இங்கேதான். வலிக்கும் பக்கத்துக் கையில்தான் பலரும் பிடிக்கிறார்கள். அது தவறு. வலது இடுப்பு வலித்தால் தடி இடது கையில் இருக்க வேண்டும். அப்போது தடி இடப்பக்கத்தைத் தாங்கிக்கொள்ளும். வலது மீடியஸ் குறைவாக இழுத்தால் போதும். மூட்டின் மேல் அழுத்தமும் குறையும்.

நடுத்தர வயதைத் தாண்டிய பெண்களிடம் அதிகம் காணப்படுவது, அந்த முண்டின் மேல் வரும் வலி. ஒருக்களித்துப் படுத்தால் வலிக்கும். முன்பு இதை நீர்ப்பையின் அழற்சி என்றே கருதினார்கள். மீடியஸ், மினிமஸ் தசைநாண்கள் எலும்பில் பற்றும் இடத்தில் நைந்துபோவதே பெரும்பாலும் காரணம் என்பது இன்றைய விளக்கம். கால்மேல் கால் போடுவதையும், ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பதையும் தவிர்த்து, படுக்கும்போது முழங்கால்களுக்கிடையே தலையணை வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். பிள்ளையை ஒரே இடுப்பில் வைத்து வெகுநேரம் நிற்பதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பதே.

தொடை மூட்டு தேய்ந்தால் வலி பெரும்பாலும் பக்கத்தில் தெரியாது. முன்னால், தொடை இடுக்கில் தெரியும். சிலருக்கு முழங்காலில் மட்டுமே தெரியும். முழங்காலுக்கு மட்டும் எக்ஸ்ரே எடுத்துவிட்டு “ஒன்றுமில்லை” என்று திரும்பி வருவோரில் சிலருக்கு, கோளாறு மேலே இருக்கும்.

வீட்டில் வயதானவர் விழுந்தால் கவனம் வேறு. ‘இடுப்பு முறிந்துவிட்டது’ என்று சொல்வதில் பெரும்பாலும் முறிவது இடுப்பெலும்பு அல்ல. கிண்ணத்துக்கு வெளியே உள்ள தொடையெலும்பின் கழுத்து அல்லது அதை ஒட்டிய பகுதி. கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் முறிவு என்றே கருத வேண்டும். சிலர் முறிந்த காலோடு நொண்டி நடப்பதும் உண்டு. சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் தேய்த்து உருவுவதும், காலைப் பிடித்து இழுப்பதும் கூடவே கூடாது. தொடையெலும்பின் தலைக்கு இரத்தம் பெரும்பாலும் அந்தக் கழுத்தின் வழியாகவே போகிறது. முறிந்த துண்டு மேலும் விலகினால் தலைக்குப் போகும் இரத்தம் தடைபட்டு எலும்பு செத்துவிடலாம். மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 என்ற எண்ணை அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை அவரை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும்.

பிட்டத்தில் ஊசி போடும் இடமும் இந்த அமைப்பைப் பொறுத்ததே. உடலின் மிகப் பருத்த நரம்பான சியாட்டிக், பிட்டத்தின் கீழ்ப்பாதி வழியாகக் காலுக்கு இறங்குகிறது. அதனால்தான் பிட்டத்தை நான்காகப் பிரித்து, மேலே வெளிப்பக்கமுள்ள கால்பாகத்தில் போடச் சொல்லிக் கொடுக்கிறார்கள். இலியத்தின் பக்கவாட்டில், மீடியசும் மினிமசும் தடித்திருக்கும் இடத்தில் போடுவதும் உண்டு. அது சியாட்டிக்கிலிருந்து இன்னும் தள்ளி இருக்கிறது. நரம்பில் ஊசி பட்டால் பாதத்தைத் தூக்க முடியாமல் போகலாம். ஊசி இறங்கும்போது காலில் மின்சாரம் பாய்ந்தது போல் இருந்தால், வெட்கப்படாமல் அந்த நொடியே தாதியிடம் சொல்லிவிட வேண்டும். மருந்து உள்ளே போகுமுன் ஊசியை வெளியே எடுத்துவிடலாம்.