த்ரோ அப், பாஸ் அவுட், கம் ரவுண்ட்: நோயாளியின் இங்கிலீஷுக்கு ஆயிரம் வருஷ வரலாறு

பிளாப் தேர்வு எழுதப் போகும் ஜூனியர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்களில் பாதி மருத்துவமே கிடையாது. "அண்ணா, பேஷண்ட் 'ஐ கீப் த்ரோயிங் அப்'னு சொன்னா என்ன அர்த்தம்?" இந்த மாதிரிதான்.

வாந்தி. அவ்வளவுதான் தம்பி.

அஞ்சரை வருஷம் முழுக்க இங்கிலீஷில் படித்தவருக்கு வாமிட்டிங், எமெசிஸ், ஹீமடெமெசிஸ் எல்லாம் தண்ணி பட்ட பாடு. ஆனால் லண்டனில் ஆறு வயசுப் பிள்ளை வாந்திக்கு என்ன சொல்லும் என்பது தெரியாது. அது அவர் தப்பு இல்லை. இதுக்குப் பின்னாடி பெரிய கதை ஒண்ணு இருக்கு. கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

முதலில் விஷயம் என்னன்னு பார்ப்போம். ஒரு சின்ன வினைச்சொல், அது கூட அப், அவுட், ஆஃப், ஆன் மாதிரி ஒரு துணுக்கு. ரெண்டும் சேர்ந்தால் அர்த்தம் எங்கேயோ போய்விடும். 'புட்' என்றால் வை. 'புட் ஆஃப்' என்றால் தள்ளிப்போடு. 'புட் அப் வித்' என்றால் சகித்துக்கொள். கூட்டிப் பார்த்தால் கணக்கு வராது. இதைத்தான் ஃப்ரேசல் வெர்ப் என்கிறோம். இந்தப் பெயரை 1925ல் தன் புத்தகத்தில் பயன்படுத்தியவர் லோகன் பியர்சல் ஸ்மித். ஆக்ஸ்ஃபோர்டு அகராதி ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி சொல்லிக் கொடுத்த பெயர் இது என்று அவரே எழுதியிருக்கிறார். பெயருக்கு வயசு நூறு. சரக்குக்கு வயசு ரொம்ப அதிகம்.

பழைய ஆங்கிலத்தில் இந்தத் துணுக்கு பெரும்பாலும் வினைக்கு முன்னாடி ஒட்டிக்கொண்டிருந்தது. ஜெர்மனில் இன்னைக்கும் அப்படித்தான். (ஜெர்மனி போக பி1, பி2 படிக்கிற நர்சிங் நண்பர்களைக் கேளுங்க. முன்னாடி ஒட்டியிருக்கும் துணுக்கு வாக்கியத்தில் திடீரென்று கழன்று கடைசிக்கு ஓடுவதைச் சொல்லி அழுவார்கள்.)

793ல் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைக் கொள்ளையடித்ததில் இருந்து வைக்கிங்குகள் இங்கிலாந்துக்கு வர ஆரம்பித்தார்கள். பிறகு வடக்கிலும் கிழக்கிலும் குடும்பத்தோடு குடியேறிவிட்டார்கள். அவர்கள் பேச்சில் துணுக்கு ஏற்கெனவே வினைக்குப் பின்னாடி போயிருந்தது. ரெண்டு ஜனமும் ஒரே சந்தையில் பேசிப் பழகியதில் ஆங்கிலமும் அந்தப் பக்கம் இன்னும் வேகமாகச் சாய்ந்தது என்பது மொழியியலாளர்கள் பலர் சொல்வது. டேக், கெட், கால் எல்லாம் அவர்கள் கொடுத்துவிட்டுப் போன சொற்கள். இந்த மூணும் இல்லாமல் இன்னைக்கு எத்தனை ஃப்ரேசல் வெர்ப் மிஞ்சும்னு யோசிச்சுப் பாருங்க.

எனக்குப் பிடித்த சாட்சி பீட்டர்பரோ மடத்து நாளாகமம். நார்மன்கள் நாட்டைப் பிடித்த பிறகும் பிடிவாதமாக இங்கிலீஷிலேயே எழுதிவந்த துறவிகள் அவர்கள். 1132ஆம் வருஷக் குறிப்பில் ஒரு விஷயம் வருகிறது. ஹென்றி என்ற மடத்தலைவர் மேல் ராஜாவுக்குக் கோபம். பதவியைத் துறந்துவிட்டு நாட்டை விட்டே போ என்று விரட்டுகிறார். பதவியைத் துற என்பதற்கு அங்கே இருக்கும் சொல் 'கிவ் அப்'. இன்னைக்கு சிகரெட்டை விடச் சொல்லி பேஷண்ட்டுக்கு அட்வைஸ் பண்ணும் அதே 'கிவ் அப்'.

1066க்குப் பிறகு அரண்மனையும் நீதிமன்றமும் பிரெஞ்சுக்குப் போனது. தேவாலயமும் படிப்பும் லத்தீனில். கோ, கம், புட், கெட் எல்லாம் வயலிலும் அடுப்படியிலும் தங்கிவிட்டது. அப்புறம் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் அறிஞர்கள் லத்தீனில் இருந்து சொற்களை மூட்டை மூட்டையாக இறக்கினார்கள். அதனால் ஒரே வேலைக்கு ரெண்டு சொல். வீட்டில் 'புட் அவுட்', புத்தகத்தில் 'எக்ஸ்டிங்விஷ்'. வீட்டில் 'காஃப் அப்', ஆஸ்பத்திரியில் 'எக்ஸ்பெக்டோரேட்'.

மருத்துவர்கள் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. வில்லியம் ஹார்வி ரத்த ஓட்டத்தைப் பற்றி 1628ல் எழுதிய நூல் லத்தீனில்தான். லண்டன் மருத்துவர் கல்லூரியின் லத்தீன் மருந்து நூலை 1649ல் நிக்கோலஸ் கல்பெப்பர் இங்கிலீஷில் பெயர்த்து வெளியிட்டபோது அவருக்குக் கிடைத்தது வசவு. ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்த மனுஷன் அவர். மருந்து என்னன்னு நோயாளிக்கே புரிந்துவிட்டால் நம்ம மரியாதை என்னாவது என்ற பயம்தான், வேறென்ன?

1755ல் அகராதி போட்ட சாமுவேல் ஜான்சன் முன்னுரையில் இதைத் தனியாகக் குறிப்பிடுகிறார். வினையோடு துணுக்கைச் சேர்த்து அர்த்தத்தை மாற்றும் இந்தப் பழக்கம்தான் வெளிநாட்டுக்காரர்களுக்கு மிகப் பெரிய கஷ்டம் என்கிறார். தேடித் தேடிச் சேர்த்தேன், ஆனாலும் பட்டியல் முழுசு இல்லை என்று ஒத்துக்கொள்கிறார்.

அந்த வெளிநாட்டுக்காரர்கள் வரிசையில் நாம் வந்து சேர்ந்தது 1835ல். மெக்காலே குறிப்பு எழுதிய அதே வருஷம்தான் இன்றைய எம்எம்சியும் மெட்ராஸில் மருத்துவப் பள்ளியாகத் தொடங்கியது. நமக்கு வந்தது கோர்ட்டு இங்கிலீஷ், பரீட்சை இங்கிலீஷ், பாடப்புத்தக இங்கிலீஷ். மாடியில் குடிவைத்துவிட்டார்கள், கீழ்வீட்டை நாம் பார்த்ததே இல்லை.

கையில் கிடைத்த ஃப்ரேசல் வெர்பையும் நாம் நம்ம பாணியில் பெயர்ச்சொல்லாக்கி 'பண்ணு', 'ஆகு' போட்டுவிட்டோம். பஸ் பிரேக் டவுன் ஆயிடுச்சு. பேஷண்ட்டை ஹேண்ட் ஓவர் பண்ணிட்டியா? அடுத்த வாரம் ஃபாலோ அப் வாங்கம்மா. இதில் ஒரு தப்பும் இல்லை, அருமையான தமிழ். ஒரே ஒரு எச்சரிக்கை: "ஐ பாஸ்ட் அவுட் இன் 2015" என்று அங்கே போய்ச் சொன்னால், எவ்வளவு நேரம் மயக்கமாக இருந்தீங்கன்னு கேட்பார்கள்.

1930ல் சி.கே. ஆக்டன் 'பேசிக் இங்கிலீஷ்' என்று ஒன்று கொண்டுவந்தார். மொத்தம் 850 சொல், அதில் வினை வெறும் 18. மீதியை எல்லாம் கெட், புட், கோவோடு துணுக்கு சேர்த்துச் சமாளிக்கலாம் என்றார். சின்ன வயசில் இருந்து பேசியவருக்கு அது சுலபம். நமக்கோ ஒவ்வொரு சேர்க்கையும் ஒரு புதுச் சொல். 850 என்பது கணக்கில்தான்.

பிரிட்டனில் என்ஹெச்எஸ் 1948ல் ஆரம்பித்தது. இந்தியா, பாகிஸ்தான், இலங்கையில் இருந்து டாக்டர்கள் ஆயிரக்கணக்கில் போய்ச் சேர்ந்தார்கள், நம்ம தமிழ் டாக்டர்களும்தான். 1975ல் அங்குள்ள ஜெனரல் மெடிக்கல் கவுன்சில் வெளிநாட்டு டாக்டர்களுக்கு மொழியும் மருத்துவமும் சேர்ந்த தேர்வு வைத்தது. பிளாப் அதன் வாரிசு. ஜாய் பார்க்கின்சன் என்பவர் வெளிநாட்டு டாக்டர்களுக்கென்றே ஒரு ஆங்கிலக் கையேடு எழுதினார். பேஷண்ட் பேசும் கொச்சையும் ஃப்ரேசல் வெர்புகளும் அதில் உண்டு. பல பதிப்பு கண்டது. தேவை அவ்வளவு இருந்தது.

இது வெறும் நாகரிகப் பிரச்சினை இல்லை. "இட் கேம் ஆன் சடன்லி" என்று தலைவலிக்காரர் சொன்னால் மூளையில் ரத்தக்கசிவு இருக்கான்னு பார்க்கணும். "இட்ஸ் பீன் கமிங் ஆன் ஃபார் வீக்ஸ்" என்றால் யோசிக்கும் பாதையே வேறு. "ஐ ப்ராட் அப் சம் பிளட்" இன்னும் சிக்கல். அது இருமலிலும் வந்திருக்கலாம், வாந்தியிலும் வந்திருக்கலாம். நுரையீரலா இரைப்பையா என்பது அடுத்த கேள்வியில்தான் தெரியும். அர்த்தம் புரியாமல் தலையாட்டினால் அந்தக் கேள்வியே வராது.

நம்ம ஓபியிலும் இதே கதைதான். "வாயில ரத்தம் வந்துச்சு சார்." இருமும்போதா, வாந்தி எடுக்கும்போதா? ஆல் இந்தியா கோட்டாவில் வடக்கே இருந்து வரும் பிஜிக்கள் தமிழ் படும் பாட்டைப் பாருங்க. "நாள் தள்ளிப் போயிருக்கு." தள்ளு தெரியும், போ தெரியும். அந்தப் பொண்ணு கர்ப்பமா இருக்கலாம்னு எந்த அகராதி சொல்லும்? "வயித்தால போகுது", "மயக்கம் போட்டுடுச்சு", "கண்ணைக் கட்டுது". போ, போடு, கட்டு. எல்லாம் ரெண்டாங்கிளாஸ் வினைகள். நோய் வந்ததும் எந்த ஊர் மனுஷனும் இந்தச் சின்னச் சொற்களுக்குத்தான் திரும்புகிறான்.

பிளாப் ரெண்டாம் பாகம் மான்செஸ்டரில், நடிகர்கள் பேஷண்ட்டாக உட்கார்ந்திருப்பார்கள். அதுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது: ரென் அண்ட் மார்ட்டின் பட்டியலை உருப்போடாதீங்க. கம் ஆன், வேர் ஆஃப், ஃப்ளேர் அப், பிரிங் அப், பாஸ் அவுட், கம் ரவுண்ட் என்று உடம்பு சம்பந்தப்பட்டதை மட்டும் முழு வாக்கியமாக, பேஷண்ட் குரலில் சொல்லிப் பழகுங்க. 'கம் ரவுண்ட்' என்றால் மயக்கம் தெளிந்தது. வீட்டுக்கு வந்துட்டுப் போறதும் அதேதான், இடம் பார்த்து எடுத்துக்கணும்.

இன்னொண்ணு. சாவைச் சொல்லும்போது மட்டும் 'பாஸ்ட் அவே' வேண்டாம், 'டைட்' என்றே சொல்லுங்கள் என்று அங்கே கற்றுத் தருகிறார்கள். பதற்றத்தில் இருப்பவருக்கு மற்றதெல்லாம் வேறு மாதிரி காதில் விழலாம். 'டை'கூட வைக்கிங்குகள் கொண்டுவந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நாம் இங்கே வார்டு வாசலில் "காப்பாத்த முடியல" என்கிறோம். சில சமயம் அதைக் கேட்டுவிட்டு, "அப்ப பெரியாஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போலாமா சார்?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள்.